பனி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்

ஆறாவது சுற்று இது.
முதல் ஐந்தும் தொலைபேசியில், திரையில்,
ஒருமுறை மகனின் நீச்சல் வகுப்பு வாசலில்
காருக்குள் இருந்தபடி.
ஆறாவதுக்கு நேரில் வா என்றார்கள்.

ஸ்காபரோவில் நாலரைக்கு எழும்பி
இரண்டு பஸ் மாறி
நானூற்றொன்றில் கவிழ்ந்து கிடந்த லொறியைச் சுற்றிக்கொண்டு
வாட்டர்லூ வந்து சேர்ந்தபோது
ஏழு நிமிடம் பிந்திவிட்டேன்.
"பரவாயில்லை" என்றான் டெவின்,
அதை எங்கோ குறித்துக்கொண்டபடி.

வெள்ளைப்பலகை. மூன்று மார்க்கர்,
இரண்டு காய்ந்தவை.
சாலட் தின்னும் ஒருவர், பெயர் சொல்லவில்லை.
மூலையில், பார்கவ் என்று அட்டை தொங்கிய இன்னொருவர்.
என் பெயரை ஒரு பிழையுமின்றிச் சொன்னார்,
பிறகு அதற்காகவே
என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.

ஒரு நகரம். சந்திகள். சந்திகளுக்கிடையே வீதிகள்.
ஒரு வாகனம் இங்கிருந்து அங்கே போகவேண்டும்,
மிகக் குறுகிய வழியில்.
நாற்பது நிமிடம் தருகிறோம்.

சிரிப்பு வந்தது, அடக்கினேன்.
ஒன்பது குளிர்காலமாக நான் செய்வது இதைத்தான்.
பனி தள்ளும் வண்டிகள் முப்பத்தெட்டு;
எந்த வீதி முதலில், எது பிறகு,
எந்த மேட்டில் உப்பு இரட்டிப்பு,
எந்த முடுக்கில் வண்டி திரும்பாது,
மக்கோவன் வீதி டயலிசிஸ் நிலையத்தின் வாசல்
ஐந்தரைக்குள் துப்புரவாக வேண்டும் என்பதுவரை
என் நிரலுக்குத் தெரியும்.

ஆகவே கேட்டேன்:
"எந்த வீதி மூடியிருக்கு?
எத்தனை சென்டிமீட்டர் பனி?"

டெவின் நட்போடுதான் சொன்னான்:
"பனி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்."

அவனுக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே,
பெய்துகொண்டிருந்தது.

வைத்துக்கொண்டேன்.
பனி இல்லை. ஒருவழிப் பாதை இல்லை.
ஓட்டுபவருக்கு மூத்திரம் முட்டாது.
எழுதினேன், அழித்தேன்,
அழித்ததையே மறுபடி எழுதினேன்.
"குவியல் எங்கே?" என்றார் சாலட்காரர்.

எண்களில் மிகச் சிறியதை எப்போதும் உச்சியில் வைத்திருக்கும்
அந்தக் குவியல். பத்தொன்பது வயதில் படித்தது.
வேலையில் யாரும் அதைக் கையால் எழுதுவதில்லை,
எடுத்துப் பாவிப்போம்.
பிட்டு அவிக்கமுன் யார் குழல் வார்க்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரே குவியல்
கீழே, வாகனத் தரிப்பிடத்து ஓரம்,
ஆள் உயரத்துக்கு, சாம்பல் நிறத்தில்.
யாரோ அவசரத்தில் தள்ளிவிட்டுப் போனது.
பிழையான பக்கம். வடிகாலின் வாய்க்கு மேலேயே.

"நேரம்" என்றான் டெவின்.
"எங்களிடம் கேட்க ஏதாவது?"
குழு, வளர்ச்சி என்று
இரண்டு நல்ல கேள்வி பாடமாக்கி வந்திருந்தேன்.
வாய் வேறொன்றைக் கேட்டது:
"உங்கள் தரிப்பிடத்தில் பனி தள்ளுவது யார்?"
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
ஏதோ ஒப்பந்தக் கம்பனி என்றார் ஒருவர்.
அப்படித்தான் இருக்கும் என்றார் மற்றவர்.

லிஃப்ட் வரை பார்கவ் வந்தார்.
கதவு மூடும்போதுதான் தமிழ் வந்தது:
"குடை இருக்கா உங்ககிட்ட?"
பனிக்கு யார் குடை பிடிப்பார் என்று
சொல்வதற்குள் மூன்றாம் மாடி.

பஸ் கேம்பிரிட்ஜ் தாண்டியதும்
முழுவதும் வந்தது, குவியலோடு, வரிக்கு வரி.
ஆவி படிந்த ஜன்னலில் விரலால் எழுதினேன்.
பதினாறு வரி. சரியாக இருந்தது.
மில்டன் வருமுன்
மேல் வரிகள் கீழ் வரிகளுக்குள் வடிந்துபோயின.

பத்தொன்பதாம் நாள் ஈமெயில்.
முதலில் வருத்தம்,
அதன் கீழே ஒரு கேள்வி:
இந்த அனுபவத்துக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம்?

இரவு பதினொன்று. இருபத்திரண்டு சென்டிமீட்டர்
கொட்டிக்கொண்டிருந்தது.
இருபத்தேழாம் வண்டி முடுக்கில் மாட்டி
வின்ஸ்டன் லைனில் கத்தினான்.
"பின்னால எடு, மெதுவா,
இடப்பக்கம் தீயணைப்புக் குழாய், கவனம்" என்றேன்.
மற்றக் கையால் மூன்றை அழுத்தினேன்.

ஏன் மூன்று?
ஒரு மார்க்கராவது எழுதியதே.